லேக் ஃபோர்க்கில் தெற்குக் காற்று

கிழக்கு டெக்சாஸில் ஜனவரி மாதத்தை நம்பி எதுவும் திட்டமிட முடியாது. வடக்கிலிருந்து குளிர் இறங்கினால் காலையில் கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும். அது கடந்து போய், மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து தெற்குக் காற்று திரும்பிவிட்டதென்றால் மதியவெயில் 20 டிகிரி செல்சியஸைத் தொடும். ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வாசலில் நிற்கலாம். அப்படி ஒரு வாரத்தில்தான் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

“தம்பி, தெக்குக் காத்து மூணு நாளா விடாம அடிக்குது. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல வடக்கேருந்து குளிர் வருதாம். அதுக்குள்ள ஃபோர்க் ஏரிக்கு மீன் பிடிக்கப் போய்ட்டு வந்துடுவோமா?”

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. நான் டாலஸுக்கு வந்த புதிதில் வீடு பார்த்துக் கொடுத்து, கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர். கும்பகோணம் பக்கத்துக் கிராமம். வாய்க்காலில் தவளையை முள்ளில் கோத்து விரால் பிடித்து வளர்ந்தவர். நான் மேட்டூர்க்காரன். அணைக்குப் பின்னால் பரிசலில் போகிறவர்களைப் பார்த்து, கரையில் உட்கார்ந்து மண்புழு போட்டுக் கெண்டைக்குக் காத்திருந்த பிள்ளை. எங்கள் இருவருக்கும் மீன் என்றால் குழம்புதான். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடுவார்கள் என்று ஊரில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

சனிக்கிழமை இருட்டோடு கிளம்பினோம். கிரீன்வில்லில் பிரிந்து 69ஆம் நெடுஞ்சாலையில் லோன் ஓக், எமரி தாண்டி ஆல்பா போய்ச் சேரும்போது கிழக்கு வெளுத்திருந்தது. வழியெல்லாம் மேய்ச்சல் நிலமும் ஓக் மரங்களும்தான். ஏரி இருப்பதற்கான அடையாளமே இராது. சாலை ஒரு பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் சட்டென்று தண்ணீர் விரியும். அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து ஆயிரக்கணக்கில் பட்ட மரங்கள் சாம்பல் நிறத்தில் நிமிர்ந்து நிற்கும்.

சபைன் ஆற்றின் கிளையான லேக் ஃபோர்க் ஓடையின் குறுக்கே அணை கட்டி 1980இல் முடித்தார்கள். ஏறத்தாழ 27,000 ஏக்கர் தண்ணீர். டாலஸ் மாநகரக் குடிநீருக்கும் இதில் பங்குண்டு. அணை கட்டும்போது உள்ளேயிருந்த மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமல் விட்டுவிட்டார்கள். மீன் ஒளிய இடம் வேண்டும் என்பதற்காக. நான் வளர்ந்த இடமும் ஓர் அணைதான் என்பதால் மூழ்கிய ஊரைப் பற்றி எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1934இல் மேட்டூரில் தண்ணீர் தேங்கியபோது கிராமங்கள் உள்ளே போயின. கோடையில் நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலைகாட்டும், ஊரே போய்ப் பார்க்கும். ஃபோர்க்கில் மூழ்கியவை கோயில்கள் அல்ல. பண்ணைச் சாலைகள், வேலிகள், சிறு பாலங்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வெட்டிய குட்டைகள். அந்தக் குட்டைகளின் கரைகள் இன்றும் தண்ணீருக்கடியில் அப்படியே இருக்கின்றன. இங்கே மீன் பிடிக்கிறவர்களுக்கு அவை மேலே இருக்கிற தெருக்களைவிடப் பழக்கம்.

சரிவில் ட்ரெய்லரைப் பின்னால் விட்டுப் படகை இறக்கினோம். உயிர்காப்புச் சட்டை போட்டு, என்ஜினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை அண்ணன் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டார். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு என்ஜின் நின்றுவிடும். இந்த ஏரியில் மிதவை வைத்துக் குறித்த படகு வழிகள் உண்டு. அதை விட்டு விலகினால் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே முறிந்து நிற்கும் அடிமரங்கள் படகின் வயிற்றைக் கிழித்துவிடும். வழியை விட்டு இறங்கியதும் அண்ணன் பெரிய என்ஜினை நிறுத்தி, முன்னால் இருக்கும் மின்சார ட்ரோலிங் மோட்டாரைத் தண்ணீரில் விட்டார். அதற்குச் சத்தம் கிடையாது, கால் மிதியிலேயே திருப்பலாம்.

காலையில் தண்ணீர் 11 டிகிரி செல்சியஸ் காட்டியது. மீனுக்கு நம்மைப்போல் உடம்புச் சூடு சொந்தமில்லை. தண்ணீர் எவ்வளவோ அதுவும் அவ்வளவுதான். குளிரக் குளிரச் செரிமானம் மந்தமாகும். கோடையில் சீக்கிரமே செரித்துவிடுகிற இரை குளிர்ந்த தண்ணீரில் நாள் கணக்கில் வயிற்றில் கிடக்கும். அதனால் நாங்கள் தேடி வந்த பாஸ் என்னும் மீன் குளிர்காலத்தில் ஓடித் துரத்தாது. பழைய ஓடைப் பள்ளத்தின் விளிம்பில், ஆழத்துக்குப் பக்கமாக, ஒரு அடிமரத்தை ஒட்டிக் கிடக்கும். வாய்க்கு முன்னால் மெல்ல வந்ததை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும். இதற்கு ஏற்றது ஜிக். ஈயத் தலை, அதில் ரப்பர் இழைகள், பின்னால் நண்டுபோல வெட்டிய மிருதுவான பிளாஸ்டிக் வால். அதைத் தரையில் இறக்கி ஓர் அடி நகர்த்த வேண்டும், நிறுத்த வேண்டும். மறுபடி ஓர் அடி.

“மெதுவா சுத்துங்க தம்பி. நீங்க மெதுவான்னு நெனைக்கிறீங்களே, அதுலயும் பாதி.”

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பதாகத் தெரியும். உண்மையில் முழுக் கவனமும் வலது கை ஆள்காட்டி விரலில் இருக்கிறது. தூண்டில் நரம்பு அந்த விரலின்மேல்தான் கிடக்கும். அடியில் சேறு என்றால் ஜிக் மொத்தையாக இழுபடும். சரளை என்றால் கரகரக்கும். மரத்தில் ஏறும்போது கனத்து, தாண்டியதும் சட்டென்று லேசாகும். இப்படி விரலால் தொட்டுத் தொட்டு ஏரியின் தரையைப் படிப்பதில் ஒரு சுகம் உண்டு, மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். இப்போது முன்னால் இருக்கிற மீனை அசைய அசையத் திரையில் காட்டும் சோனார்கள் வந்துவிட்டன. 2018இல் கார்மின் கம்பெனியின் லைவ்ஸ்கோப் வந்த பிறகு போட்டிகளுக்குப் போகிறவர்கள் பலர் அது இல்லாமல் போவதில்லை. அண்ணன் படகில் ஆழமும் வரைபடமும் காட்டும் சாதாரணக் கருவிதான் இருக்கிறது. எனக்கும் அதுவே போதும். மீனைத் திரையில் பார்த்துவிட்டு எறிவதானால் அந்த விரலுக்கு வேலை இல்லை.

காலையில் மூன்று, நான்கு சிறிய மீன்கள் வந்தன. எல்லாம் 14, 15 அங்குலத்துக்குள்.

மதியத்துக்குமேல் ஏரியே மாறியது. இந்த மாற்றத்துக்காகத்தான் தெற்குக் காற்று நாட்களுக்கு இவ்வளவு பேர் காத்திருக்கிறார்கள். குளிர்காலத்துச் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்பதால் வெயில் வடகரையில்தான் நேராக விழும். தெற்குக் காற்றோ மேலே சூடான தண்ணீரை நாள் முழுக்க அதே வடகரைக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். வடகரையில் ஒரு சிறிய குடா, கொஞ்சம் கலங்கிய தண்ணீர், கறுத்த அடிமரங்கள் என்றால் இன்னும் நல்லது. கலங்கல் வெயிலைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும். நடு ஏரியில் 12 டிகிரி இருந்தபோது நாங்கள் நுழைந்த குடாவின் உள்மூலையில் 15 இருந்தது. ஷாட் என்னும் வெள்ளிநிறச் சிறுமீன் அந்தச் சூட்டுக்கு வந்து சேரும். அதைத் தேடி பாஸ் வரும். ஜனவரியில் பெண் மீன்களின் வயிற்றில் முட்டை வளர்ந்துகொண்டிருக்கும் காலம். தண்ணீர் 16, 17 டிகிரியைத் தொட்டு நிலைத்தால் கரையோரம் வந்து முட்டையிடும். அதற்கு இன்னும் வாரங்கள் இருந்தாலும், இப்படி நாலு நாள் வெயில் அடித்தால் ஆழத்தைவிட்டு ஒரு எட்டு மேலே வந்து பார்க்கும்.

குடாவின் தரையில் ஹைட்ரில்லாப் பாசி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. நம் ஊர்க் குளங்களில் காலைச் சுற்றுகிற அதே பாசிதான். 1950களில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தெற்கு மாநிலங்களின் ஏரிகளுக்கெல்லாம் பரவியது. படகுத்துறைக்காரர்கள் அதைத் திட்டுவார்கள். பாஸ் பிடிக்கிறவர்கள் அதைத் தேடிப் போவார்கள். குளிரில் பல செடிகள் மடிந்த பிறகும் அது அடியில் கொஞ்சம் பச்சையாக நிற்கும்.

இங்கே ஜிக்கை வைத்துவிட்டுச் சிவப்பு லூரை எடுத்தோம். தட்டையான, உள்ளே குண்டுமணி கலகலக்கிற செயற்கை மீன். குளிர்காலக் கடைசியில் டெக்சாஸ், லூசியானா ஏரிகளில் சிவப்புக்கு உள்ள மரியாதை வேறு நிறத்துக்குக் கிடையாது. அந்தப் பருவத்துச் செந்நிற நன்னீர் இறால்தான் காரணம் என்பார்கள். பாசியின் தலையை உரசுகிற மாதிரி இழுத்துவர வேண்டும். பாசியில் சிக்கும். சிக்கியதும் தூண்டில் ராடின் நுனியால் வெடுக்கென்று ஒரு உதறு. பாசியை அறுத்துக்கொண்டு லூர் பாய்கிற அந்த நொடியில்தான் அடி விழும். கொத்துவது, இழுப்பது என்றெல்லாம் சொல்ல முடியாது. ராடை யாரோ பிடுங்குகிற மாதிரி இருக்கும். அண்ணனுக்கு வரிசையாக 17, 19 அங்குல மீன்கள். எனக்கு ஒரு 20. ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கினோம். பாஸுக்குக் குத்துகிற பல் கிடையாது, உப்புத்தாள்போலச் சொரசொரப்புதான். ஒரு நாள் நன்றாக மீன் கிடைத்தால் கட்டைவிரல் தோல் உரிந்துவிடும். அன்று மாலை இருவருக்கும் உரிந்திருந்தது.

பிடித்த அந்த நல்ல மீன்களில் ஒன்றைக்கூட நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொள்ளவும் முடியாது. லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்குக் குறைந்த பாஸை எடுத்துப் போகலாம். 16இலிருந்து 24 அங்குலம் வரை உள்ளதை உடனே விட்டுவிட வேண்டும். 24ஐத் தொட்டது ஒன்றை எடுக்கலாம். எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 5.

அன்று இரவு ஏரிக்கரை விடுதியில் அண்ணி கட்டிக்கொடுத்த புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டு இதைப்பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஏரி பெரிது என்பதால் மீன் பெரிதாகிவிடாது. டெக்சாஸில் இதைவிடப் பெரிய நீர்த்தேக்கங்கள் பல உண்டு. ஃபோர்க்கைச் செய்தவர்கள் தண்ணீர் நிரம்புவதற்கு முன்னாலேயே யோசித்துவிட்டார்கள். மூழ்கப்போகிற பண்ணைக் குட்டைகளில் ஃபுளோரிடா இனப் பாஸை முன்கூட்டியே விட்டார்கள். வடக்கத்தி இனத்தைவிட அது பெரிதாக வளரும். குட்டைகளில் அது பெருகிக்கொண்டிருக்கும்போதே ஏரி ஏறிவந்து கரைகளைத் தாண்டியது. போட்டிக்கு வேறு பெரிய மீன் இல்லாத புதுத் தண்ணீர், ஒளிய மரம், தின்ன ஷாட். கூடவே தொடக்கத்திலிருந்தே கடுமையான பிடி அளவு.

பலனுக்கு நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1986 நவம்பரில் மார்க் ஸ்டீவன்சன் என்ற வழிகாட்டி இங்கே 17.67 பவுண்டு பாஸ் ஒன்றைப் பிடித்தார். அப்போது அது மாநிலச் சாதனை. அவர் அதைக் கொல்லாமல் அரசின் மீன்வளத் துறைக்கு இரவல் கொடுத்தார். ஷேர்லங்கர் என்ற திட்டத்தின் முதல் மீன் அதுதான். இப்போது 13 பவுண்டோ அதற்கு மேலோ உள்ள பாஸை ஜனவரி முதல் மார்ச் வரை பிடிக்கிறவர்கள் போன் செய்தால் துறையின் வண்டி வந்து மீனை உயிரோடு எடுத்துப்போகும். முட்டையெடுத்துக் குஞ்சு பொரித்து ஏரிகளில் விடுவார்கள். தாய்மீனையும் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவார்கள். ஸ்டீவன்சனின் மீனுக்கு எத்தெல் என்று பெயர். அது ஏரிக்குத் திரும்பாமல், மிசூரியில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து பாஸ் ப்ரோ கடையின் பெரிய தொட்டியில் வாழ்ந்து 1994இல் இறந்தபோது, ஒரு மீனுக்கு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். கூட்டமும் வந்தது. 1992 ஜனவரி 24 அன்று பாரி செயின்ட் கிளேர் என்பவர் கிராப்பி என்ற சிறிய மீனுக்காகச் சின்ன உயிர்மீனை இரையாகப் போட்டிருந்தார். வந்தது 18.18 பவுண்டு பாஸ். டெக்சாஸின் சாதனை இன்றுவரை அதுதான். மாநிலத்தின் மிகப் பெரிய 50 பாஸ் மீன்களின் பட்டியலில் பல இந்த ஓர் ஏரியிலிருந்து வந்தவை.

“நம்ம ஊர்ல வெராலுக்கு இப்படி ஒரு ரூல் போட்டிருந்தா எப்படி இருந்திருக்கும்?” என்றேன்.

அண்ணன் கொஞ்சநேரம் பேசவில்லை. “பசிக்குப் பிடிச்சோம் தம்பி. ரூல் போடறவனுக்கு மொதல்ல வயிறு நெறஞ்சிருக்கணும்” என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அவருடைய வாய்க்காலில் இன்று விரால் அரிதாகிவிட்டது என்று அவரே பலமுறை வருந்தியிருக்கிறார். பண்ணையில் வளர்த்த விரால்தான் இப்போது சந்தைக்கு வருகிறது. ஒரு சாண் மீனைக்கூட விடாமல் அள்ளுகிற வலையும், குட்டையில் மருந்து கலக்கிற கொடுமையும் பசியால் வந்தவை என்று நான் நினைக்கவில்லை.

ஞாயிறு காலை காற்று இன்னும் தெற்கிலிருந்துதான். ஆனால் வானம் முழுக்க மேகம், காற்றில் ஈரம். வடக்குக் குளிர் வந்து இறங்குவதற்கு முந்தைய அந்தச் சில மணிநேரத்தில் மீன் நன்றாக இரையெடுக்கும். அது வந்து வானம் பளிச்சென்று நீலமானதும் வாயை மூடிக்கொள்ளும். அண்ணன் நேராக ஒரு பழைய குட்டைக் கரைக்குப் போனார். மேலே பார்த்தால் வெறும் தண்ணீர். அடியில் 12 அடி ஆழத்தில் கரையின் முதுகு, ஒரு பக்கம் 20 அடிக்கு இறங்குகிற பழைய குட்டை, மறுபக்கம் ஓடை. வெள்ளைப் பெலிக்கன்கள் கொஞ்சம் தள்ளிக் கூட்டமாக மிதந்தன.

ஜிக் கரையின் முதுகில் ஏறி, குட்டைப் பக்கம் இறங்கியது. இறங்கும்போது நரம்பில் ஒரு சின்ன ‘டொக்’. அவ்வளவுதான். பிறகு எடையே இல்லை. மீன் ஜிக்கோடு என் பக்கமாக நீந்திவருகிறது என்று அர்த்தம். சுற்றித் தளர்ச்சியை எடுத்து ராடை மேலே தூக்கியதும் வளைந்து அப்படியே நின்றது. குளிர்ந்த தண்ணீரில் பெரிய மீன் துள்ளாது, கீழேயே கனமாகத் தலையை ஆட்டும். ஒவ்வோர் ஆட்டமும் முழங்கை வரை வந்தது. “விடாதீங்க, இழுக்கவும் இழுக்காதீங்க, அதுபாட்டுக்கு வரட்டும்” என்று சொல்லிக்கொண்டே அண்ணன் வலையை நனைத்துவிட்டு மண்டிபோட்டார். முதலில் தெரிந்தது வாய்தான். என் முஷ்டி உள்ளே போகும். பிறகு கரும்பச்சை முதுகு, பக்கவாட்டில் கறுப்புக் கோடு, முட்டையால் புடைத்த வயிறு.

அளவுப் பலகையை முதலில் தண்ணீரால் நனைக்க வேண்டும். காய்ந்த பலகை மீனின் மேல்பூச்சை உரித்துவிடும். மீனை வெறும் தாடையால் தொங்கவிடவும் கூடாது, இந்த எடைக்குத் தாடை விட்டுவிடும். ஒரு கை தாடையில், ஒரு கை வயிற்றுக்கடியில். வாயை மூடி, வாலைக் குவித்து, அண்ணன் குனிந்து பார்த்தார்.

“இருபத்துமூணரை.”

எடை 8 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். 24க்கு அரை அங்குலம் குறைவு. 24 இருந்திருந்தாலும் விட்டிருப்போம். அந்த வயிற்றில் இருந்ததைப் பார்த்த பிறகு அதைக் கொண்டுபோக மனசு வராது. படகோரம் குனிந்து தண்ணீரில் பிடித்துக்கொண்டேன். செவுள் இரண்டுமுறை அகல விரிந்தது. விரலை ஒரு உதறு உதறிவிட்டுக் குட்டைப் பக்கமே இறங்கிப்போனது. என் முகமெல்லாம் தண்ணீர். இப்படிப்பட்ட குட்டைகளில் அன்று விட்ட மீன்களின் எத்தனையாவது தலைமுறையோ அது. அந்தப் பிடியைப் பற்றி எனக்கு இருக்கும் பெருமையில் பாதிகூட என்னுடைய திறமையைச் சேர்ந்ததல்ல. எனக்கு முன்னால் அதைப் பிடித்து, அளந்து, விட்டுவிட்டுப் போன, முகம் தெரியாத எத்தனையோ பேரைச் சேர்ந்தது.

பதினொரு மணிக்குத் தெற்குக் காற்று நின்றது. வடமேற்கில் கருநீலமாக ஒரு பட்டை. அண்ணன் ராடுகளைக் கட்டச் சொன்னார். திறந்த ஏரியில் வடகாற்று எழுப்புகிற அலையில் அடிமரங்களுக்கு நடுவே மாட்டக்கூடாது. சரிவுக்கு வந்து படகை ஏற்றும்போது முதல் காற்று அடித்தது. அரைமணி நேரத்தில் கை விறைத்துவிட்டது. படகின் அடைப்பைத் திறந்து, தொட்டியிலும் என்ஜினிலும் இருந்த தண்ணீரை முழுக்க வடித்தோம். ஓர் ஏரியின் சிப்பியும் பாசியும் அடுத்த ஏரிக்குப் போகாமலிருக்க டெக்சாஸில் இது கட்டாயம். ஹைட்ரில்லா வந்த கதையை அறிந்தவர்கள் இதை அலுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஐஸ் பெட்டியில் 16 அங்குலத்துக்குக் குறைந்த மீன்கள் சில இருந்தன, சட்டத்துக்குள். சின்ன மீனையும் விட்டுவிடுவதுதான் உத்தமம் என்று நினைக்கிற நல்லவர்கள் இங்கே நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த அளவு விதி முழுப் பலன் தர வேண்டுமானால் சிறியவற்றில் கொஞ்சத்தை எடுத்தாக வேண்டும். எல்லாம் ஏரியிலேயே இருந்தால் இரைக்குப் போட்டி கூடி, நடுத்தர மீன்கள் பெரிதாகாமல் தேங்கிப்போகும்.

அண்ணன் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து செதில் உரித்துத் துண்டு போட்டோம். அண்ணி ஒரு துண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது கடல்மீன் மாதிரி இல்ல, சதை சப்புனு இருக்கும். புளி கொஞ்சம் கூட ஊத்தணும், பூண்டும் வெந்தயமும் தாராளமாப் போடணும்” என்று சொல்லிக்கொண்டே அடுப்பில் மண்சட்டியை வைத்தார். வெளியே அதற்குள் 3 டிகிரிக்கு இறங்கிவிட்டது. அண்ணன் கைப்பேசியில் அடுத்த வாரத்து வானிலையைப் புரட்டிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமைக்கு மேல் காற்று மறுபடி தெற்கே திரும்புகிறதாம்.